செங்கல் தெரிந்தால் வீட்டுக்கு உடம்பு சரியில்லை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்குப் பெரிய வீடு பார்க்க வருகிறவர்கள் பார்ப்பதெல்லாம் கப்பலில் வந்த சாமான்களைத்தான். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் டைல்ஸ் என்று வழிகாட்டி விரல் நீட்டிக்கொண்டே போவார். கூட்டமும் அண்ணாந்துகொண்டே போகும். முகப்பில் நுழைந்து, வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி, அடுப்படிக் கட்டு வழியாகப் பின்தெருவில் இறங்குவதற்குள் நாலைந்து நாட்டுப் பெயர் காதில் விழுந்துவிடும். இத்தனையையும் தாங்கி நிற்கிற சுவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வழிகாட்டியும் அதை ஒரு வரியில் முடித்துவிடுவார்: "இது முட்டை வைத்துப் பூசின சுவர் சார்."

சுவர் எந்தக் கப்பலிலும் வரவில்லை. மண் இந்தப் பக்கத்து மண். சுட்டது இந்தப் பக்கத்துக் காளவாசல். அரைத்ததும் பூசியதும் இங்கிருந்த கொத்தனார்களும் சித்தாள்களும். செட்டிநாட்டு வீட்டில் செட்டிநாட்டுக்கே உரியது எது என்று என்னைக் கேட்டால் தூணையோ கதவையோ காட்ட மாட்டேன், சுவரைத்தான் காட்டுவேன். ஆனால் அதைக் காட்டுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது.

சென்னையில் உயர் நீதிமன்றத்தையோ எழும்பூர் ரயில் நிலையத்தையோ பாருங்கள். 1892-இல் திறந்த ஒன்று, 1908-இல் திறந்த இன்னொன்று; இரண்டிலும் சிவப்புச் செங்கல்தான் முகம். அந்தக் கொத்து வேலையை நாம் ரசிக்க வேண்டும் என்றே பூசாமல் விட்டிருக்கிறார்கள். அதே காலத்தில் செட்டிநாட்டில் எழும்பிய வீடுகளின் சுவரில் ஒரு செங்கலைக்கூடப் பார்க்க முடியாது. நான்கைந்து பூச்சுக்கு அடியில் அது ஒளிந்திருக்கும். ஆகவே இங்கே செங்கல் கண்ணில் படுகிறது என்றால், வீடு விழத் தொடங்கிவிட்டது என்று பொருள். எனக்கு இதைச் சொன்னவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கொத்தனார். பள்ளத்தூர் போகிற வழியில் ஒரு வீட்டின் பக்கச்சுவரில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்ன தம்பி, சுவத்துல என்ன தேடுறீங்க?"

"கல்லு எப்படிக் கட்டியிருக்காங்கன்னு பாக்குறேன் ஐயா."

"கல்லு தெரியக் கூடாது தம்பி. தெரிஞ்சா வீட்டுக்கு உடம்பு சரியில்லைன்னு அர்த்தம்."

உடம்பு சரியில்லாத அந்தச் சுவர்தான் எனக்குப் பாடம் நடத்தியது. மேலே கூரை ஓடு சரிந்து, ஒரு பருவமழை முழுக்கத் தண்ணீர் வழிந்து, ஆள் உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்திருந்தது. உள்ளே மெல்லிய, தட்டையான கற்கள். சித்துக்கல் என்பார்கள். இன்றைக்கு லாரியில் வந்து இறங்கும் செங்கல் மூன்று அங்குலக் கனம் இருக்கும்; ஓரடி உயரச் சுவருக்கு மூன்றரை வரி வந்தாலே அதிகம். இந்தச் சுவரில் கைச்சாணை வைத்து எண்ணினேன். ஓரடிக்கு ஆறு வரி. கல் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அரை அங்குலம் சுண்ணாம்புச் சாந்து. தூரத்திலிருந்து பார்த்தால் அடுக்கி வைத்த பழைய கணக்குப் புத்தகங்கள் மாதிரி இருந்தது. வட்டிக்கடை நடத்தியவர்கள் வீட்டுக்குப் பொருத்தம்தான்.

ஏன் இவ்வளவு மெல்லிசு? முதல் காரணம் நெருப்பு. விறகு போட்டு எரித்த பழைய காளவாசலில் சூடு ஒரே சீராக இருக்காது. கல் கனமாக இருந்தால் தோல் வெந்து உள்ளே பச்சையாகவே நிற்கும். மெல்லிய கல் நடுவரை வேகும். உதிர்ந்து கிடந்த ஒன்றை எடுத்து விரலால் சுண்டினேன், வெண்கலக் கிண்ணம் மாதிரி சத்தம் வந்தது. உடைந்த வாயிலும் விளிம்புக்கும் நடுவுக்கும் நிற வேறுபாடு இல்லை. இரண்டாவது காரணம் சாந்து. சுண்ணாம்புச் சாந்து சிமெண்டைப் போல ஒரே நாளில் இறுகிவிடாது. மெதுவாகக் கெட்டிப்படும், அதுவரை கொஞ்சம் நெளிந்தும் கொடுக்கும். மெல்லிய கல்லும் நிறையச் சாந்துமாகக் கட்டும்போது சுவர் நூற்றுக்கணக்கான சின்ன மூட்டுகள் உள்ள ஓர் உடம்பாகிவிடுகிறது. அஸ்திவாரம் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கினாலும் அந்த அசைவை மூட்டுகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். பெரிய வெடிப்பு விழுவது குறையும்.

தட்டைக் கல்லுக்கு இந்தப் பகுதியில் நீண்ட வம்சம் உண்டு. இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் கீழடி. அங்கே தோண்டி எடுத்த சங்ககாலச் சுவர்களிலும் கல் அகலமும் நீளமும் மிகுந்து, கனம் குறைந்துதான் இருக்கிறது. 2023-இல் அங்கே திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டுப் பாணியில் கட்டினார்கள். செட்டியார் வீட்டுக்கும் கீழடிக்கும் என்ன உறவு என்று அப்போது சிலர் கேலி செய்தார்கள். கல்லை வைத்துப் பார்த்தால் ஏதோ தூரத்து உறவு இருக்கத்தான் செய்கிறது.

சரி, சாந்துக்கு வருவோம். சுண்ணாம்பு என்பது ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வருகிற பொருள். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். சுட்டதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறாகும். அந்த நீற்றை மணலோடு அரைத்துச் சுவரில் வைத்தால், மாதக்கணக்கில் காற்றிலிருந்து அதே வாயுவை இழுத்து மறுபடியும் கல்லாகும். நூறு வருடச் சுவர் என்பது நூறு வருடமாக மூச்சு இழுத்து இறுகிய சுவர். இதனால்தான் இப்படிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வீட்டுக்குத் தெற்கே காரை வீடு என்று தனிப் பெயரும் மரியாதையும் இருந்தன. கூரை வீடு, ஓட்டு வீடு, அதற்கும் மேலே காரை வீடு. காரைக்குடி என்ற பெயருக்குக் காரைச் செடி காரணம் என்பவர்கள்தான் அதிகம். காரை வீடுகள்தான் காரணம் என்று சாதிப்பவர்களும் டீக்கடையில் உண்டு. நான் அந்தச் சண்டையில் கலந்துகொள்வதில்லை.

அரைப்பதில்தான் விஷயமே. வட்டமான கல் தொட்டியில் கல் உருளையை மாடு பூட்டி இழுக்க வைத்து, சுண்ணாம்பையும் மணலையும் மாவு பதத்துக்குக் கொண்டு வந்தார்கள். கடுக்காயை இடித்து வெல்லத்தோடு நாள்கணக்கில் ஊற வைத்த தண்ணீரை அதில் சேர்த்தார்கள். கடுக்காயின் துவர்ப்பும் வெல்லத்தின் சர்க்கரையும் சாந்தைக் குழைவாக்கும், இறுகுவதைத் தாமதப்படுத்தும். அந்தத் தாமதம்தான் பூசுகிறவனுக்கு வரம். கரணையைத் திரும்பத் திரும்ப ஓட்ட நேரம் கிடைக்கிறது.

பூச்சு ஒன்றின் மேல் ஒன்றாகப் போகும். முதலில் பரும்படி மணல் சேர்த்த சாந்து. மேலே போகப் போக மணல் குறையும், சுண்ணாம்பு கூடும், அரைப்பு நைசாகும். கடைசிப் பூச்சு கிட்டத்தட்ட வெண்ணெய். முட்டை வெள்ளைக்கரு வருவது இந்த மேல் பூச்சில்தான். ஆயிரக்கணக்கான முட்டையால் எழுப்பிய வீடு என்று கேட்டு வாய் பிளப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: முட்டை தருவது மெருகும் கொஞ்சம் பிடிப்பும். சுவரை நிறுத்துவது சுண்ணாம்பு. மெருகை முழுமையாக்குவது உழைப்பு. பூச்சு ஈரமாக இருக்கும்போதே வழவழப்பான கல்லால் தேய்க்கத் தொடங்கி, அது தண்ணீரை விட்டு முகம் பளபளக்கும்வரை நிறுத்தாமல் தேய்க்க வேண்டும். நடுவில் சாப்பிடப் போனால் அந்த இடத்தில் திட்டு விழும். நல்ல வளவுச் சுவரில் கன்னத்தை வைத்துப் பாருங்கள். சித்திரை மதியத்திலும் பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி இருக்கும். ஒன்றரை, இரண்டு அடிக் கனத்தைத் தாண்டி வெயில் உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இந்தக் கைத்தொழில் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி மதுரையில் 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலில், அந்த ராட்சதத் தூண்களுக்குள்ளும் செங்கல்தான். மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பும் வெள்ளைக்கருவும் கலந்த பூச்சு. கல்தூண் என்று நினைத்து அதைத் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. கோபுரத்துச் சுதை வேலையும் இதே குடும்பம்தான்: உள்ளே உடைத்த செங்கல், வெளியே சுண்ணாம்பு. செட்டியார் வீட்டு முகப்பில் உட்கார்ந்திருக்கிற கஜலட்சுமிக்கும், அவளுக்குப் பக்கத்தில் தொப்பியோடு நிற்கிற வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் எலும்பு ஒன்றே. சிப்பாயின் கை முறிந்திருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள், உள்ளே சிவப்பாகத் தெரியும்.

பள்ளத்தூர்ச் சுவரில் இன்னொன்றும் பார்த்தேன். ஜன்னலுக்கு மேலே நேரான மரச்சட்டம். அதற்கும் மேலே சுவருக்குள்ளேயே செங்கலை நிறுத்தி வைத்து ஒரு வளைவு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இந்த வளைவு இருப்பதே தெரிந்திருக்காது, பூசி மூடிவிட்டார்கள். மேல்சுவரின் பாரத்தை மரத்தின் மேல் இறங்க விடாமல் இரண்டு பக்கமும் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. மரத்தைக் கரையான் அரித்துப் பாதி போயிருந்தது, ஜன்னல் இறங்கவில்லை. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும், வளைவுக் கற்கள் ஒவ்வொன்றையும் ஆப்பு மாதிரி செதுக்கி வைத்திருந்தான் அந்தக் கொத்தன். எனக்கு அங்கே கொஞ்ச நேரம் நகர மனம் வரவில்லை.

நல்ல நிலையில் இருக்கிற வீட்டிலும் செங்கல் வரிசையைப் பார்க்க ஓரிடம் உண்டு. மாடியுள்ள வீட்டில் அண்ணாந்து பாருங்கள், பளிங்குக்காக அல்ல. தேக்குக் கட்டைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக அடுக்கியிருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது இதுதான். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். அடிப்பக்கத்தில் வெள்ளை மட்டும் அடித்திருந்தால் கற்களின் சாய்ந்த வரிசை மங்கலாகத் தெரியும்.

முகப்புகளை வைத்து வீட்டின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். குட்டைத் தாழ்வாரம், நாட்டு ஓடு, அகலத் திண்ணை, மரத்தூண் என்றால் பழசு. மாடியும் உயரமான ஹாலும் கைப்பிடிச்சுவர்ப் பொம்மைகளும் வந்துவிட்டால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். கானாடுகாத்தான் அரண்மனை முடிந்தது 1912-இல். நேர்க்கோடும் வளைந்த மூலையும் சூரியக்கதிர் வேலைப்பாடும் இருந்தால் 1930-களும் 40-களும். அதற்குப் பிறகு அநேகமாக ஒன்றும் இல்லை. ஏன் என்ற கேள்விக்குப் பதில் பர்மாவில் இருக்கிறது. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனதும், 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நெல் வியாபாரத்தைப் பெருக்கின. அதற்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள். லாபம் ஊருக்கு வந்து சுவராக நின்றது. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தபோது, வாங்கியவர்களால் பணத்தைத் திருப்ப முடியவில்லை, நிலம்தான் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930-இல் சுமார் 6 சதவீதம்; 1937-இல் 25 சதவீதம். நிலத்தை மூட்டை கட்டிக் கொண்டுவர முடியாதே. 1942-இல் ஜப்பான் படை வந்ததும் கட்டிய துணியோடு ஓடி வந்தவர்கள் பலர். 1948-க்குப் பின் நிலமும் அரசுடைமையாகத் தொடங்கியது. அதோடு இங்கே கட்டுமானச் சாரம் இறங்கியது.

அப்படியானால் வீடுகள் விழுவது பணம் இல்லாததாலா? அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, வீடு கட்டிய விதத்திலேயே இருக்கிறது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் பிள்ளைகளுக்கானவை. மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைத்துவிடுவார்கள்: ஒரே கூரை, தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. தம்பதி ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு தனிக் குடும்பம். அந்தக் காலத்துக்கு இது அருமையான ஏற்பாடு. மூன்று தலைமுறை கழித்துப் பாருங்கள். ஓர் அறைக்கு உரியவர் சென்னையில், அடுத்த அறைக்காரர் கோலாலம்பூரில், அதற்கடுத்தவரின் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவில். வளவு எல்லோருக்கும் பொது, கூரையும் பொது. ஓர் ஓடு உடைந்தால் யார் மாற்றுவது? ஒரு பங்காளி மாற்ற முன்வந்தாலும், "அவன் பாத்தியதை கொண்டாட அடி போடுறான்" என்று இன்னொருவருக்குத் தோன்றும். விற்கவும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஓடு அப்படியே கிடக்கும். தண்ணீர் கையெழுத்துக்குக் காத்திருக்காது.

இந்த வீடுகள் முழுக்கத் தண்ணீரை நினைத்தே கட்டப்பட்டவை என்பதுதான் இதில் வேதனை. தரையை உயர்த்தி, தாழ்வாரத்தை நீட்டி, வளவில் விழுகிற மழையை அண்டாவில் பிடித்து, மிச்சத்தைக் கிணற்றுக்கும் தெருக்கால் வழியாக ஊருணிக்கும் அனுப்பிய வீடு. நகரத்தாரின் முன்னோர் இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பயம்தான் மேட்டில் கட்ட வைத்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, சுண்ணாம்புச் சுவர் மழையில் நனைந்து காயும். தினமும் ஒரே இடத்தில் ஒழுகினால் தாங்காது.

விழுந்த வீட்டிலிருந்து தூண், கதவு, நிலை, பூவேலைக் கண்ணாடி எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் கடைகளுக்கு வந்துவிடும். செங்கல்லுக்கும் விலை உண்டு. சுண்ணாம்பில் கட்டிய கல் சுத்தமாகக் கழன்று வரும். சிமெண்டில் கட்டியதுபோல உடைந்து போகாது. சென்னைக்குப் பக்கத்தில் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டை மறுபடி நிறுத்தியிருப்பதும், கழற்றி எடுத்துப்போய்ப் பொருத்த முடிகிற மரவேலை இருப்பதால்தான். பூச்சை மட்டும் யாரும் வாங்க முடியாது. சுரண்டினால் அது பொடி. அதன் இடம் அந்தச் சுவர் ஒன்றுதான். 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்களைச் சேர்த்தார்கள். பட்டியல் அப்படியே இருக்கிறது, பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது.

இடிப்பதை விடப் பழுது பார்ப்பதில்தான் எனக்கு அதிக பயம். சொந்த அனுபவம். எங்களுடையது செட்டியார் வீடில்லை, காரைக்குடிக்குப் பக்கத்தில் தாத்தா கட்டிய மூன்று அறைக் காரை வீடு. ஒரு மழைக்கு அடிச்சுவரில் பூச்சு பெயர்ந்தது. கான்ட்ராக்டர் ஒருவர் வந்து, "சிமெண்ட் வெச்சு அடிச்சு விட்டுடலாம் சார், அம்பது வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார். எனக்கும் அப்போது தெரியாது. இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசி, மேலே பெயிண்டும் அடித்தாயிற்று. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் சிமெண்டுக்கு மேலே, தொடாத பழைய பூச்சில் உப்புப் பூத்து உதிர ஆரம்பித்தது. தரையிலிருந்து சுவர் குடிக்கிற ஈரம் முன்பு சுண்ணாம்பு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. சிமெண்ட் அந்த வாயை அடைத்துவிட்டதால் ஈரம் மேலே ஏறி, உப்பையும் சுமந்துகொண்டு, முதலில் கிடைத்த இடத்தில் வெளியேறியது. உப்பு காய்ந்து படிகமாகும்போது கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். ஆணியால் கீறிப் பார்த்தேன். வெண்கலச் சத்தம் தர வேண்டிய கல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

அந்தக் கொத்தனாரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தேன். சுவரைத் தட்டிக்கொண்டே ஒரு நடை நடந்தார். சிமெண்ட் பூசிய இடம் பொத்தென்று பேசியது.

"இதை முழுசாக் கொத்தி எடுக்கணும் தம்பி. எடுத்துட்டு சும்மா விடணும்."

"எவ்வளவு நாள் ஐயா?"

"சுவரு காயுற வரைக்கும். கோடை முழுக்க விடுங்க. அப்புறம் கடுக்கா ஊறப் போடலாம்."

கொத்தி எடுத்தாயிற்று. இப்போது வீட்டின் அடிப்பாகம் இடுப்பளவுக்குச் சிவப்பாக, தோலுரித்த மாதிரி நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும், "அட, செங்கல் நல்லா இருக்கே, இப்படியே விட்டுடுங்களேன், இப்ப இதுதான் ஃபேஷன்" என்கிறார்கள். கடுக்காய் இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். வைகாசி பாதி போய்விட்டது. சுவர் தொட்டால் இன்னும் ஜில்லென்றுதான் இருக்கிறது.